ஸ்டேஷன் பூ

செவக்காட்டூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே பூக்கடை போட்டிருக்கும் மாரித்தாய்க்கு, கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பூக்காரிகளைவிட வியாபாரம் ஒன்றும் குறைச்சலில்லை. கோயிலுக்கு வருகிறவர்கள் செவ்வாய், வெள்ளி பார்த்து வருவார்கள். ஸ்டேஷனுக்கு நாள் கிழமை கிடையாது. புருஷனிடம் அடிபட்ட எவளாவது ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் படியேறுவதைப் பார்த்தால் போதும், மாரித்தாய் ஒரு முழம் மல்லிகையை அளந்து இலையில் சுருட்டித் தனியாக வைத்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து வாங்கிப்போகும்.

எல்லாம் ஏட்டையா நல்லசிவத்தின் ஏற்பாடு. புருஷனைக் கூப்பிட்டுவிட்டு, வந்ததும் கன்னத்தில் இரண்டு வைப்பார். பெண்டாட்டியை ஒரு பாட்டம் வைவார். பிறகு டீக்கடையிலிருந்து இரண்டு கிளாஸ் டீ வரும். புருஷன் தன் கையால் ஒரு கிளாஸை எடுத்துப் பெண்டாட்டியிடம் கொடுக்க வேண்டும். அவள் குடித்து முடித்ததும் தலையில் பூ. இருவரும் ஒரே வண்டியில் ஏறி ஊர்போய்ச் சேர வேண்டும். குடும்ப வழக்கு என்றால் நல்லசிவம் கைராசிக்காரர் என்று அந்த வட்டாரத்திலேயே பேர். அதே பெண்ணுக்கு எத்தனை தடவை பூ வைத்திருக்கிறோம் என்று அவரும் யோசித்ததில்லை, மற்றவர்களும் கேட்டதில்லை.

ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் செல்லத்தாய் அந்தப் படியேறினாள். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை. கை முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் அலுமினியத் தூளின் பளபளப்பு, எத்தனை தேய்த்தாலும் போகாதது. கீழுதடு கிழிந்து தொங்கியது. புருஷன் பெத்தணன் லாரி லோடு ஏற்றுகிறவன். தார்ப்பாய் கட்டும் கயிற்றை இரண்டாக மடித்து விளாசியிருந்தான்.

"ஏலே பெத்தணா, பொம்பளைய இப்பிடியா அடிப்பே?" என்றார் நல்லசிவம்.

"வாய் ஜாஸ்திங்கய்யா."

"நீ ஏம்மா வாய் குடுக்க?"

"நான் ஒண்ணும் பேசலய்யா. கம்பெனி வேன் பஞ்சராயிருச்சு, அதான் வர நேரமாச்சுன்னேன்."

"அந்தா, பேசுதேல்ல."

பெத்தணனுக்கு இரண்டு அறை விழுந்தது. டீ வந்தது. செல்லத்தாய் குடித்து முடித்ததும் ஏட்டையா பூவை சொர்ணலட்சுமியிடம் கொடுத்து வைத்துவிடச் சொன்னார்.

சொர்ணலட்சுமி அங்கே இருந்த ஒரே பெண் போலீஸ். ஆனைக்குட்டத்துக்காரி. புருஷன் திருத்தங்கலில் அச்சாபீஸில் வேலை பார்க்கிறான். இருவருக்கும் குடியிருப்பு ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த போலீஸ் லைன் வீடு. நெட்டைக்கு நெட்டை, பேச்சுக்குப் பேச்சு. ஆனால் ஏட்டையா முன்னால் சொன்னதைச் செய்கிறவள். செல்லத்தாயின் கொண்டையை விலக்கிப் பூவைச் சொருகியபோது விரல் ஈரமாயிற்று. பூவில் தெளித்த தண்ணீராக இருக்கும் என்று கையை எடுத்துப் பார்த்தாள். ரத்தம். முடிக்குள்ளே தோல் இரண்டாகப் பிளந்திருந்தது.

செல்லத்தாய் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். சொர்ணம் ஏட்டையாவைப் பார்த்தாள். விரலைக் காக்கி பேண்டில் துடைத்தாள். வெளியே பெத்தணனின் டி.வி.எஸ். புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் தலையில் ஸ்டேஷன் பூ ஆடிக்கொண்டே போனது.

ஆவணியில் விருதுநகரில் பயிற்சி என்று தாக்கீது வந்தது. வீட்டுக்குள் நடக்கிற அடிதடிக்கென்று புதுச் சட்டம் வந்து வருஷம் ஆகப்போகிறது. ஆனால் அது செவக்காட்டூருக்கு இன்னும் பஸ் ஏறி வந்து சேரவில்லை. ஸ்டேஷனுக்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வர வேண்டும் என்றார்கள். நல்லசிவமும் சொர்ணமும் போனார்கள். பயிற்சியில் என்ன சொல்வார்கள் என்பதைவிட, மத்தியானம் பொரித்த புரோட்டா எந்தக் கடையில் வாங்கலாம் என்பதில்தான் வந்திருந்த ஏட்டையாக்களுக்கு அக்கறை.

வகுப்பு எடுத்தது மதுரையிலிருந்து வந்த ஒரு வக்கீலம்மா. குள்ளமான உருவம். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல உக்கார வச்சு விசாரிக்காதீங்க. அவன் பார்த்துக்கிட்டிருக்கும்போது அவ எப்படி வாயைத் திறப்பா? தனி அறை, கதவைச் சாத்துங்க. 'நீ என்ன செஞ்சே'ன்னு கேக்காதீங்க. 'எங்க வலிக்குது'ன்னு கேளுங்க. முடிக்குள்ள பாருங்க, காதுக்குப் பின்னால பாருங்க. அடிக்கிறவன் வெளியே தெரியாத இடமாப் பார்த்துத்தான் அடிப்பான்."

"குடும்பத்தப் பிரிச்சு விடுறதுக்கா அரசாங்கம் நமக்குச் சம்பளம் குடுக்கு?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் நடித்துக் காட்டச் சொன்னார். புருஷனாக நல்லசிவம், பெண்டாட்டியாக சொர்ணம். சோற்றில் உப்பில்லை என்று சண்டை. கூட்டம் தூக்கக் கலக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தது.

நல்லசிவம் எழுந்து வந்தார். முதலில் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். "என்னடி இது சோறு?" என்றார். அடுத்த நொடி அவர் இடதுகை சொர்ணத்தின் கொண்டைக்குள் நுழைந்து அடிமுடியைச் சுற்றிப் பிடித்துத் திருகியது. முகத்தை மேலே நிமிர்த்தவிடாமல் ஒரு அமுக்கு. வலதுகை விரிந்து இடதுகாதின்மேல் வந்து, தொடாமல் நின்றது. சொர்ணத்தின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது நடிப்பில்லை. அவர் ஓங்கவும் இல்லை, தேடவும் இல்லை. கைக்கு வழி தெரிந்திருந்தது.

அரங்கம் கைதட்டியது. ஒருத்தர் விசில்கூட அடித்தார்.

வக்கீலம்மா மட்டும் கைதட்டவில்லை. "ஏட்டையா, இதை எங்கே படிச்சீங்க?" என்றார்.

"எம்புட்டுக் கேஸு பாத்திருக்கோம்மா," என்றார் நல்லசிவம். சொர்ணத்திடம் திரும்பி, "வலிச்சிருச்சாம்மா? சும்மா வெளாட்டுக்குத்தான்," என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது சொர்ணத்துக்கு ஏட்டையாவின் மனைவி பேச்சியம்மாள் ஞாபகமாகவே இருந்தது. லைனில் அடுத்த வீடு. சாது. யார் கூப்பிட்டாலும் வலதுகாதைத் திருப்பிக்கொண்டுதான் என்னவென்று கேட்பாள். இடதுகாது சின்ன வயதிலேயே போய்விட்டது என்பார் ஏட்டையா. அந்த வீட்டில் சில சாயங்காலங்களில் டி.வி. சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். காது மந்தமானவள் வைத்துக் கேட்கிறாள் என்று லைனில் எல்லோரும் நினைத்திருந்தார்கள், சொர்ணமும்தான்.

புரட்டாசி பிறந்ததும் பட்டாசு ஊருக்குச் சீசன் உச்சம். கம்பெனி வேன்கள் இருட்டோடு போய் இருட்டோடு திரும்பின. கம்பெனியில் முடியாத வேலை வீட்டுக்கு வந்தது. ஏஜெண்டு மூட்டை மூட்டையாகச் சின்ன வெடிகளை இறக்கிவிட்டுப் போவான். பெண்கள் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் திரிகளை நூலில் கோத்துச் சரம் பின்னுவார்கள். வீட்டில் பின்னுவது சட்டப்படி குற்றம். பின்னாத வீடு கிடையாது. போன வருஷம் பக்கத்து ஊரில் அப்படி ஒரு வீடு வெடித்து ஐந்து பேர் கரிக்கட்டையானார்கள்; அந்த ஊர் எஸ்.ஐ.யைத் தூக்கி எங்கோ போட்டார்கள். அதிலிருந்து மருந்து என்ற சொல்லைக் கேட்டாலே போலீஸ் ஜீப் கிளம்பிவிடும்.

ஒருநாள் பகலில் ஸ்டேஷன் போன் அடித்தது. சொர்ணம் எடுத்தாள்.

"யக்கா, நான் செல்லத்தாயி. கடைப் போனுல இருந்து பேசுதேன். கைய ஒடிச்சுப்புட்டாருக்கா."

சொர்ணம் எஸ்.ஐ. செழியனிடம் ஓடினாள். இளவயதுக்காரர். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் நாலு பக்கமும் வேலை இழுத்தது.

"ஜீப்பு மந்திரி பந்தோபஸ்துக்குப் போகணும். புருஷன் பொண்டாட்டி தகராறுதானே? நாளைக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லும்மா. ஏட்டையா பேசி அனுப்புவாரு."

சொர்ணம் தன் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். தெருவுக்குள் காக்கி தெரிந்ததும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. உள்ளே மூட்டை இழுக்கிற சத்தம், பாத்திரம் கவிழ்கிற சத்தம். ஒரு கிழவர் மட்டும் வாசலில் நின்று கும்பிட்டு, "இங்கன ஒண்ணுமில்ல தாயி," என்றார்.

செல்லத்தாய் அடுப்படியில் கிடந்தாள். இடது மணிக்கட்டு வேறு திசையில் திரும்பியிருந்தது. மகள் பானுப்பிரியா, நாலாவது படிக்கிறவள், பழைய சேலையைக் கிழித்துக் கட்டுப்போடத் தெரியாமல் கட்டிக்கொண்டிருந்தாள். உலை கொதித்துப் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. மூலையில் ஏஜெண்டு இறக்கிய மூட்டைகள்.

சொர்ணம் பிள்ளையை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். வக்கீலம்மா சொன்னபடி கேட்டாள். "எங்க வலிக்கு?"

செல்லத்தாய் அந்தக் கேள்வியைப் புரியாதவள்போல் பார்த்தாள். அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை. பிறகு ரவிக்கையை இறக்கிக் காட்டினாள். முதுகில் கயிற்றுத் தழும்பு பாய் பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. பழையதின்மேல் புதியது.

"கம்ப்ளெய்ண்டு எழுது. நான் கேஸ் போட வைக்கேன்."

"எப்பிடிக்கா? அந்தா மூட்டை கெடக்கு பாருங்க. போலீசு வந்தா இதத்தான் மொதல்ல காட்டுவேங்காரு. 'பின்னுறது நீ, மாட்டுறது நீ, உள்ள போறதும் நீ'ங்காரு. நான் போயிட்டா இந்தப் பிள்ளைய யாருக்கா பாப்பா? இவரு பொறுப்புலயா விட்டுட்டுப் போக?"

சொர்ணத்துக்கு ஆத்திரம்தான் வந்தது.

"மருந்துன்னா ஜீப்பு றெக்க கட்டிக்கிட்டுப் பறக்கும். ஒரு பொம்பளைய அடிக்கான்னா நாளைக்கு வான்னு சொல்லுதாக. நான் ஸ்கூட்டியில வந்து நிக்கேன். என்னத்தச் சொல்ல?"

வாய்தவறிச் சொன்னதுதான். அவளை எலும்பு முறிவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டுப் போட வைத்துவிட்டு, அழுதுகொண்டே ஸ்டேஷனுக்குத் திரும்பினாள். சொன்னதை அவள் மறந்துபோனாள். செல்லத்தாய் மறக்கவில்லை.

ஐப்பசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் மொட்டைப் பாறையைப் பிளந்துகொண்டிருந்தது. போனை எடுத்தவர் செழியன்தான். பெண்குரல். பேர் சொல்லவில்லை.

"ஐயா, நடுத்தெருவுல வேப்பமரத்து வீட்டுல மருந்து இருக்கு. மூட்டை மூட்டையா வச்சிருக்காக. சின்னப் பிள்ள இருக்குய்யா உள்ள."

இலையில் பிசைந்த சோறு அப்படியே கிடக்க செழியன் ஜீப்பில் ஏறினார். கூட நல்லசிவம், இன்னொரு காவலர், பெண் இருக்கக்கூடும் என்று சொர்ணம். தெரு கதவைச் சாத்திக்கொண்டது. வேப்பமரத்து வீட்டைப் பார்த்ததும்தான் அது செல்லத்தாயின் வீடு என்று சொர்ணத்துக்குத் தெரிந்தது. அந்த வீட்டுக் கதவு மட்டும் திறந்து கிடந்தது. உள்ளே பச்சைமரத்தை வெட்டுவதுபோல் தொம், தொம் என்று கேட்டது.

பெத்தணன் கையில் உலக்கை. ஓங்கி ஓங்கி அடிக்கவில்லை அவன். மாவு இடிக்கிறவன்போல் நிதானமாக இறக்கிக்கொண்டிருந்தான். செல்லத்தாய் கட்டுப்போட்ட கையைத் தலைக்குமேல் வைத்து மறைத்துக்கொண்டு கிடந்தாள். மாவுக்கட்டு உடைந்து மாவும் ரத்தமும் ஒன்றாய்க் குழைந்து வழிந்தது. பிள்ளை கதவுமூலையில் கண்ணைத் திறந்துகொண்டு காதைப் பொத்தியிருந்தாள்.

"ஏலே," என்றார் செழியன்.

பெத்தணன் திரும்பினான். காக்கியைப் பார்த்ததும் உலக்கையைப் போட்டான். எல்லோரும் மூச்சு விட்டார்கள். அவன் கை அடுப்புத் திட்டுக்குப் போய் தீப்பெட்டியோடு வந்தது. மறுகையால் செல்லத்தாயின் முடியைப் பிடித்து மூட்டைகளின் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். மேலே சாக்குப் போட்டு மூடிய குவியலின்மேல் அவளைத் தள்ளினான்.

"வெளிய போங்கய்யா. எல்லாரும் போங்க. எம் பொண்டாட்டி, எவ் வீடு. ஒரு குச்சி போதும், தெருவே இருக்காது."

செழியன் ஒரு எட்டு பின்னால் வைத்தார். அவரைக் குறைசொல்ல முடியாது. போன வருஷம் அந்த ஐந்து பேரைப் பொறுக்கிச் சாக்கில் போட்டவர்களில் அவரும் ஒருவர். நல்லசிவம் வாசலையே தாண்டிவிட்டார். இன்னொரு காவலர் ஜீப்புக்குப் பின்னால் இருந்தார். சொர்ணம் பிள்ளையை அள்ளி சத்தம் கேட்டு வெளியே வந்த எதிர்வீட்டுக்காரியின் கையில் எறிந்துவிட்டு உள்ளே திரும்பினாள். பயிற்சியில் சொன்னது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"பெத்தணா, பெட்டியக் கீழ போடுய்யா. பேசிக்கிருவோம்."

"பேசுவீக. டீ வாங்கித் தருவீக. போயிருங்க."

அப்போது செல்லத்தாய் பேசினாள். பல்லெல்லாம் ரத்தம்.

"கொளுத்தச் சொல்லுங்கக்கா."

"ஏய், வாய மூடு," என்றார் செழியன். புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் அவர் நினைத்தார்.

"கொளுத்தட்டும்யா. கொளுத்துங்க. கொளுத்துவேன், கொளுத்துவேன்னு தெனமும் சொல்லுதீகளே. பாப்போம்."

பெத்தணனின் முகம் கோணிக்கொண்டது. அத்தனை பேர் பார்க்க அவள் எதிர்த்துப் பேசியதை அவனால் தாங்க முடியவில்லை. குச்சியை உரசினான். சொர்ணம் பாய்ந்தாள், எட்டவில்லை. எரிகிற குச்சி சாக்கின்மேல் விழுந்தது. செழியன் தரையில் குப்புற விழுந்து தலையைக் கையால் மூடிக்கொண்டார்.

'சுர்' என்றது. ஒரு நூல் புகை வந்தது. அவ்வளவுதான்.

பெத்தணன் இன்னொரு குச்சி உரசினான். அதுவும் சாக்கைத் தொட்டதும் அணைந்தது. சாக்கைக் காலால் எத்தினான். அடியில் வெடிகள் காகிதம் ஊறி, சாயம் கரைந்து, பழங்களிபோல் கிடந்தன. தரையோரம் சிவப்புத் தண்ணீர் ஓடியிருந்தது. அதை எல்லோரும் ரத்தம் என்றே நினைத்திருந்தார்கள். பாதி ரத்தமும்தான்.

காலையில் அடித்துப்போட்டு அவன் சாராயக்கடைக்குப் போன நேரத்தில், ஒடிந்த கையோடு செல்லத்தாய் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து மூட்டைகளில் ஊற்றியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் கடைப் போனுக்கு நடந்திருக்கிறாள். பிள்ளை வீட்டில் இருந்ததால் திரும்பி வந்திருக்கிறாள். வந்தவளை அவன் பிடித்துக்கொண்டான்.

பயந்த போலீஸ்காரன் கையில் லத்தி இருந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. செழியனும் ஜீப்புக்குப் பின்னாலிருந்து வந்தவரும் பெத்தணனை வாசலுக்கு இழுத்துப்போட்டு அடித்தார்கள். நல்லசிவமும் திரும்பி வந்து சேர்ந்துகொண்டார். வேப்பமரத்தடியில் அவன் உருண்டான். முட்டியில் விழுந்தது, முதுகில் விழுந்தது, வாய் கிழிந்தது. கதவுகள் திறந்து தெரு பார்த்தது. ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சொர்ணத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு செல்லத்தாய் வாசலுக்கு வந்தாள். கொஞ்சநேரம் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரியின் பக்கத்தில் நின்ற பானுப்பிரியா மறுபடியும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"போதும்யா," என்றாள் செல்லத்தாய். "அவரு அடிக்கிற மாதிரியே அடிக்கீக."

ஆஸ்பத்திரியில் செல்லத்தாய்க்குத் தையல் போட்டு, கையை மறுபடி கட்டி, ஸ்டேஷனுக்குக் கூட்டிவர சாயங்காலமாயிற்று. அதற்குள் ஏஜெண்டு செழியனுக்கு இரண்டு தடவை போன் பண்ணியிருந்தான். நனைந்துபோன சரக்கு, சீசன் நேரம், எதற்குப் பெரிசாக்க வேண்டும் என்று நயமாகப் பேசினான். மருந்து வழக்கு எழுதினால் செல்லத்தாயும் உள்ளே போவாள், ஏஜெண்டு பெயரும் வரும். எழுதாவிட்டால் பெத்தணன் நாளைக்கே வீட்டுக்குப் போய்விடுவான். செழியன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் டீ வந்தது. இரண்டு கிளாஸ். பின்னாலேயே இலையில் சுருட்டிய பூ. மாரித்தாய் வழக்கம்போல் கொடுத்தனுப்பியிருந்தாள். நல்லசிவம் பெத்தணனை லாக்கப்பிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தார்.

"வாலே, வாங்க வேண்டியத வாங்கிட்டே. எடுத்துப் பொண்டாட்டிக்குக் குடு. ஏ சொர்ணம், அந்தப் பூவ வச்சு விடு."

செல்லத்தாய் பெஞ்சின் ஓரத்துக்கு ஒதுங்கினாள். தலையில் தையலின்மேல் கட்டு. பூ வைக்கத் தலையில் இடமே இல்லை.

சொர்ணம் பூவை எடுத்தாள். எடுத்துக்கொண்டு நேரே ஏட்டையாவின் மேஜைக்குப் போனாள்.

"இத வீட்டுக்குக் கொண்டு போங்க ஏட்டையா. பேச்சியக்காவுக்கு உங்க கையால வச்சு விடுங்க. வைக்கும்போது காதுக்குப் பின்னால தொட்டுப் பாருங்க."

நல்லசிவத்தின் முகத்தில் ரத்தம் ஏறியது. விருதுநகரில் அவள் கொண்டைக்குள் நுழைந்த அந்தக் கை மேஜைமேல் விரிந்து, மூடி, விரிந்தது. செழியன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சொர்ணம் செல்லத்தாயை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். டீயை மட்டும் எடுத்துக்கொண்டாள், இரண்டு கிளாஸையும். ஒன்றைச் செல்லத்தாய்க்குக் கொடுத்து ஒன்றைத் தான் குடித்தாள்.

"இனி சொல்லு. நான் எழுதுதேன்."

"மூட்டை விஷயம்?"

"மூட்டையக் கொண்டாந்து எறக்குனவன் பேரச் சொல்லு. அவன் பேருல எழுதுவோம்."

வெளியே வந்து காகிதத்தை வைத்தபோது செழியன் வெகுநேரம் படித்தார். அன்று மத்தியானம் மண்ணில் குப்புறக் கிடந்தது அவருக்கும் மறந்திருக்காது. கையெழுத்துப் போட்டார். பெத்தணன் ஜெயிலுக்குப் போனான். ஏஜெண்டு பெயரை மட்டும் மேலேயிருந்து வந்த ஒரு போன் அடித்துவிட்டது. முழு நியாயம் யாருக்குக் கிடைத்திருக்கிறது. செல்லத்தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டோடு போய் இருந்தாள். கைக்கட்டோடு நடந்துவந்து ஒருநாள் சொர்ணத்துக்கு அதிரசம் கொடுத்துவிட்டுப் போனாள்.

பூ என்னவாயிற்று என்றால், நல்லசிவம் அதைக் கொண்டுதான் போனார். அன்று ராத்திரி லைனில் டி.வி. சத்தம் பெரிதாகக் கேட்டது. சொர்ணம் கதவைத் தட்டினாள். ஏட்டையாதான் திறந்தார். பின்னால் பேச்சியம்மாள் தலை நிறையப் பூவோடு நின்று, "ஒண்ணுமில்லம்மா, நாடகம் பாக்கோம்," என்றாள். வலதுகாதை இந்தப் பக்கம் திருப்பியிருந்தாள்.

தீபாவளி முடிந்தது. வேலை ஓய்ந்தது. மருந்து என்று வரும் போன்கள் மட்டும் ஓயவில்லை. நடுத்தெருக் கதை வேனுக்கு வேன், கம்பெனிக்குக் கம்பெனி பரவியிருந்தது. ஜீப் பறந்து போகும். போனால் ஒரு கிராம் மருந்து இருக்காது. ஒருத்தி பல் உடைந்து உட்கார்ந்திருப்பாள். "பொய்த் தகவல் குடுத்தா உள்ள வச்சிருவேன்," என்று செழியன் கத்துவார். ஆனாலும் அடுத்த போனுக்குக் கிளம்பத்தான் வேண்டியிருந்தது. ஒருவேளை நிஜமாகவே மருந்தாக இருந்துவிட்டால் என்ற பயம் அவரை உட்காரவிடவில்லை. நல்லசிவம் இதைச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் புலம்பினார், வீட்டிலும்தான். "இவளுகளுக்குத் திமிரப் பாரு. அடின்னா வரமாட்டோம்னு மருந்துங்காளுக."

கார்த்திகையில் ஒரு நாள். நல்லசிவத்துக்கு வார ஓய்வு. தூறிக்கொண்டிருந்த சாயங்காலத்தில் போன் அடித்தது. சொர்ணம் எடுத்தாள். எதிர்முனையில் முதலில் டி.வி. சத்தம்தான் கேட்டது. யாரோ யாரையோ பார்த்துச் சத்தமாகச் சிரிக்கும் நாடகம். அதற்கு அடியில் கதவை உதைக்கிற சத்தம்.

"மருந்து இருக்கு," என்றது ஒரு பெண்குரல், மிக மெல்ல.

சொர்ணம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இப்போதெல்லாம் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். "தாயி, மருந்தா, அடியா?"

கதவில் மறுபடியும் உதை விழுந்தது. மரம் பிளக்கிறது கேட்டது.

"அடிதான்."

"எந்த வீடு? சீக்கிரம் சொல்லு."

"அன்னைக்கு நீ பூக் குடுத்து விட்டியே," என்றது குரல். "அந்த வீடு."

சொர்ணம் போனைக் கீழே வைக்கவில்லை. அந்த முனையில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் காதோடு பிடித்துக்கொண்டே உள்ளே பார்த்துச் சத்தம் போட்டுச் சொன்னாள்.

"ஐயா, மருந்து."

செழியன் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "எங்கம்மா?"

"நம்ம லைன் வீட்டுல."